கழுகு வராத நாள்

கண்ணையன் கையைத் தூக்கியபோது நான் கரும்பலகையில் பாதி வரிதான் எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுப்பட்டினத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியின் ஓட்டுக் கட்டடம். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த குட்டை பெஞ்சுகளில், முழங்கால் மோவாயைத் தொட, பதினொரு பெரிய மனிதர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகிறவர்கள். பக்கத்தில் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. அங்கே ஹெல்பராகச் சேர்ந்தவர்களுக்கு அடுத்த படி ஏற ஒரு பாஸ் சர்டிபிகேட் தேவைப்பட்டது. நான் செங்கல்பட்டில் பள்ளித் தமிழாசிரியன். வாராவாரம் பஸ் ஏறி வந்து இவர்களுக்குத் தமிழ் எடுத்தேன்.

கண்ணையன் சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வருஷம் கட்டுமரத்தில் போனவர், ப்ராஜெக்ட் வந்ததும் கரைக்கு வந்துவிட்டார். அவர் சட்டையில் கிரீஸ் வாசனையும் கருவாட்டு வாசனையும் சண்டையில்லாமல் குடியிருக்கும்.

"சார், ஒரு டவுட்டு கீது."

"கேளுங்க."

"இந்தப் பாட்டுல வர்ற ஆளு, நெஞ்சப் புட்ச்சித் திட்டிக்கினு கீறானே, அந்த நெஞ்சு இன்னா தனியாவா நடந்து போச்சி?"

அன்றைய பாடம் பழைய அகப்பாட்டு ஒன்று. மனைவியை விட்டுப் பொருள் தேடிக் கிளம்பியவன், பாதி வழியில், நிழலில்லாத காட்டில் நின்று தன் நெஞ்சோடு சண்டை போடுகிறான். கிளப்பிவிட்டதும் நீ, இப்போது வீட்டை நினைத்து ஏங்குவதும் நீ என்கிறான். இந்தப் பாட்டை நான் நடத்தினால் வகுப்பே சொக்கிப்போகும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. நெஞ்சைத் தனி ஆளாக நிறுத்திப் பேசுகிற அழகை அரை மணி நேரம் சொல்வேன்.

"அது இலக்கிய மரபு, கண்ணையன்."

"மரபுன்னா?"

"காலங்காலமா அப்படித்தான் சொல்லிட்டு வர்றாங்க."

"அப்ப காலங்காலமா பொய் சொல்லிக்கினு வர்றாங்க" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நானும் சொல்லிக்கீறேன் சார். வல காலியா வந்தா, நீவாடு சரியில்லன்னு வூட்ல சொல்லுவேன். நெசமா பாத்தா தூங்கிட்டு லேட்டா போயிருப்பேன். காலு என்துதான? நீவாடா என்னைத் தூங்க வெச்சிது?"

நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். எனக்கு அதற்குமேல் பாடம் ஓடவில்லை. அருஞ்சொற்பொருளை எழுதிப்போட்டு வகுப்பை முடித்தேன்.

நான் சொல்லிவந்த கதை

அந்தக் கேள்வி ஏன் என்னைக் குத்தியது என்று சொல்ல, என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். மூன்று வாரத்துக்கு முன்பு இதே பக்கத்தில்தான் அதை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக.

கல்யாணத்துக்கு முன், புலவர் படிப்பு முடித்துவிட்டு செங்கல்பட்டில் அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்பாக்கத்தில் குமாஸ்தா வேலைக்கு இண்டர்வியூ கடிதம் வந்தது. போகிற வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மலை ஏறினேன். அந்த மலையில் தினமும் உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வரும். பாறைமேல் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். கூட்டத்தில் பாவி எவனாவது இருந்தால் வராது என்பார்கள். அன்று வெயிலில் ஒரு மணி வரை காத்திருந்தேன். கழுகு வரவில்லை. இது நமக்கு விதித்த வழி இல்லை என்று எனக்குப் பட்டது. சர்க்கார் நாற்காலி வேண்டாம், தமிழ் போதும் என்று முடிவெடுத்துத் திரும்பினேன்.

இதுதான் கதை. முதலில் அக்காவிடம் சொன்னபோது இரண்டே வாக்கியம். ஆசிரியர் அறைக்கு வந்தபோது அதில் ஒரு கருமேகம் சேர்ந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பரதேசியும் சேர்ந்துவிட்டார், என் தோளைத் தொட்டு "திரும்பிப் போ" என்று சொல்கிற பரதேசி. ஒவ்வொரு வருஷமும் இந்த அகப்பாட்டை நடத்தும்போது, பாட்டின் கடைசியில் என் கதையைக் கோத்துவிடுவேன். அவன் போனதால் புலம்பினான், நான் போகாததால் நிம்மதியாக இருக்கிறேன் என்று முடிப்பேன். சிலர் கைகூடத் தட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு முட்டாள்தனம் உண்டு. அச்சரப்பாக்கத்துக்காரனான எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நான் பெண் பார்க்கப் போன ஊர் திருக்கழுக்குன்றம்.

காலண்டருக்குப் பின்னால் ஒரு கடிதம்

என் மனைவி மரகதம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். டைப்பிங்கில் ஹையர் பாஸ். கல்யாணத்துக்கு முன்பே செங்கல்பட்டு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து, தவறாமல் கார்டைப் புதுப்பித்து வந்தாள். கல்யாணமான பிறகும் விடவில்லை. நான் அதை ஒரு விரதம் மாதிரி நினைத்திருந்தேன். விரதம் இருந்தால் சாமி நேரில் வந்துவிடும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

வந்துவிட்டது. கண்ணையன் கேள்வி கேட்டதற்கு ஐந்து நாள் முன்பு தபால்காரர் கொண்டுவந்தார். கல்பாக்கத்தில் டைப்பிஸ்ட் வேலை. அடுத்த புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இண்டர்வியூ. வயது வரம்பு இருபத்தைந்து. மரகதத்துக்கு வரும் ஆவணியில் அது தாண்டிவிடும். இதை விட்டால் இன்னொரு கடிதம் கிடையாது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் கடிதத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்து என்னிடம் நீட்டினாள். அது ஈரமாக இல்லை. சும்மாத்தான் துடைத்தாள்.

"இன்னாங்க சொல்றீங்க?"

நான் நவீன மனிதன். போகாதே என்று சொல்கிற ஜாதி இல்லை. "போறதும் போகாததும் உன் இஷ்டம்" என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் தேவலை. "நான்கூட ஒரு காலத்துல அந்த வாசல்வரைக்கும் போக இருந்தவன்தான்" என்று ஆரம்பித்துக் கழுகுக் கதையை முழுசாகச் சொன்னேன். மேகம், பரதேசி, எல்லாம். "வேண்டாம்னு வந்தேன். இப்ப நாம என்ன கெட்டா போயிட்டோம்?" என்று முடித்தேன்.

அவள் கடிதத்தைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே கை ஓய்ந்தாலும் விரல்கள் டைப் அடிக்கும். முறத்தின் விளிம்பில், குடத்தின் வயிற்றில், தூக்கத்தில் என் முதுகில்கூட. அன்று முதல் அந்தத் தட்டல் நின்றுபோனது. வீட்டில் கடிகாரம் நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் கவனிக்காத மாதிரி பேப்பர் படித்தேன்.

எதிர்ப்பக்கம்

ஞாயிறு மதியம் வகுப்பு முடிந்து பஸ் ஏறினேன். கண்ணையன் வழக்கம்போல் ஒரு பொட்டலம் நெத்திலி கொடுத்தனுப்பியிருந்தார். பனை ஓலையில் கட்டியது. மடியில் ஈரம் இறங்கிக்கொண்டே வந்தது.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் டீ குடிக்கப் போவார். வாராவாரம் அந்தப் பத்து நிமிஷத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அசதி என்று நினைத்துக்கொள்வேன். அன்று மூடவில்லை. ரோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் மலை ஏறிய அன்று கழுகு வந்தது. இரண்டும் வந்தன. வெளுத்த உடம்பு, மஞ்சள் மூக்கு, பாறையில் தத்தித் தத்தி வந்து பொங்கலைக் கொத்தின. கூட்டம் கும்பிட்டது, நானும் கும்பிட்டேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பரதேசி யாரும் என்னைத் தொடவில்லை. மலையை விட்டு இறங்கி வந்தபோது கல்பாக்கம் பஸ்ஸுக்கு நேரம் நிறையவே இருந்தது.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. விஷயம் அவ்வளவுதான். எழுதினால் ஒப்பேற்றுவேன், வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரமாக ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். "மை நேட்டிவ் ப்ளேஸ் ஈஸ் அச்சரப்பாக்கம்." அக்கா வீட்டுக் கிணற்றடியில், கொளவாய் ஏரிக் கரையில், எங்கே போனாலும் அதைச் சொல்லிப் பார்த்தேன். என் அப்பா மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை மூட்டைகள் வாங்கி விற்பவர். ஒரு காயை உரித்தாலே மூட்டையின் லட்சணம் தெரிந்துவிடும் என்பார். இண்டர்வியூவிலும் முதல் வாக்கியத்திலேயே என்னை உரித்துவிடுவார்கள் என்று நடுங்கினேன்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "கல்பாக்கமா?" என்று கேட்டார்.

"செங்கல்பட்டு" என்றேன்.

"அது எதிர்பக்கம் வரும்பா."

நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். யாரும் இழுக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. என் காலால்தான் தாண்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாக அதே ரோட்டைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பயந்ததற்குக்கூட இல்லை. பயத்துக்கு இத்தனை வருஷம் பட்டு வேட்டி கட்டி ஊர்வலம் விட்டதற்கு. இப்போது அந்த ஊர்வலம் போய் மரகதத்தின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

நெத்திலி

வீட்டில் மரகதம் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து, நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் குந்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நானும் நாலு மீனைக் கிள்ளினேன். தப்பாகக் கிள்ளினேன்.

"மரகதம், அன்னிக்கு கழுகு வந்துது."

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இன்னாங்க நீங்க. அப்பாவோட தேங்கா கட மலை அடிவாரத்துல கீது. கழுகு ஒரு நாளு வரலின்னா ஊரே அதத்தான் பேசும். பாவி யாரு, பாவி யாருன்னு ஒரு வாரம் ஓடும். நீங்க சொன்ன மாசத்துல அப்பிடி ஒரு நாளும் இல்ல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப பொண்ணு பாக்க வந்தன்னிக்கே..."

"அன்னிக்கேதான். நீங்க போனப்பறம் அப்பா உக்காந்து சிரிச்சாரு. 'பையன் பயந்தாங்கொள்ளி. கழுக்குன்றத்துல வந்து கழுகு வரலன்னு சொல்றான் பாரு, பொய்யும் சொல்லத் தெரியல. பயந்தவன் பொண்டாட்டிய அடிக்கமாட்டான். பொய் தெரியாதவன் ரெண்டாவது வூடு வெக்கமாட்டான். தைரியமா குடுக்கலாம்'னாரு."

நான்கு வருஷம். மாமனார் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். மாமனார் ஒவ்வொரு தடவையும் "அப்பிடியா மாப்ள" என்று புதுசாகக் கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது, நெத்திலிக் கையால் துடைத்து அது வேறு எரிந்தது.

"ஏன் ஒரு தடவைகூட நீ சொல்லல?"

"உங்களுக்கு அது வேண்டியிருந்துச்சி. எனக்கு இன்னா போச்சி? சொல்லிக்கினு போங்கன்னு வுட்டுட்டேன்." கை நின்றது. "இந்தத் தடவதான் அந்தக் கழுகு என் தலைமேல வந்து குந்திகிச்சி."

அதற்குமேல் நான் மறைக்கவில்லை. "நீ போயி அந்த நாற்காலியில உக்காந்துட்டா, நான் வேண்டாம்னு வுட்டதா சொன்னது அத்தனையும் பொய்யாயிடும்னு பயம். அதான் 'உன் இஷ்டம்'னு சொன்னேன். அது உன் இஷ்டத்துக்குச் சொன்ன வார்த்தை இல்ல. போ மரகதம். போயிட்டு வா."

அவள் கிள்ளிய மீனைச் சட்டியில் போட்டுவிட்டுச் சொன்னாள், "எனக்கும் இங்கிலீஷ் பேச வராதுங்க."

"எனக்கு ஒரு வாக்கியம் தெரியும்" என்றேன். அதில் ஊர் பெயரை மட்டும் மாற்றினோம். இரவுச் சோறு முடிவதற்குள் அவள் அதைத் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டாள். சட்டியைக் கழுவும்போது அதன் விளிம்பில் விரல்கள் தட்டுகிற சத்தம் கேட்டது.

அடுத்த பஸ்

புதன்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். கஞ்சி போட்ட நீலப் புடவை, மடியில் சர்டிபிகேட் பை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார். மரகதம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது.

"எறங்கிக்கலாங்க. அம்மா வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அடுத்த பஸ்ல போயிக்கலாம்."

அவளைப் பார்த்து எனக்கு மனசு இளகிப்போனது. அவள் சொன்னதில் நியாயம்கூட இருந்தது, நேரம் இருந்தது, வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ரோட்டைத் தாண்டிய அன்று எனக்கும் நேரம் நிறைய இருந்தது.

"அந்த அடுத்த பஸ் எனக்குத் தெரியும்" என்றேன். "அது செங்கல்பட்டுக்குத்தான் போவும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். பஸ் கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டும்வரை நானும் மூச்சு விட்டதாக நினைவில்லை.

கல்பாக்கத்தில் அலுவலக வாசலில் வாட்ச்மேன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அவளை உள்ளே அனுப்பினார். என்னைப் பார்த்து, "நீங்களும் கேண்டிடேட்டா சார்?" என்றார்.

"இல்லைங்க. துணைக்கு வந்தவன்."

சவுக்கு மர நிழலில் நின்றேன். கடற்காற்றில் மணல் வந்து பல்லில் கடிபட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். கண்ணையன். என்னைப் பார்த்ததும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"வாத்தியாரே, இன்னா இந்தப் பக்கம்?"

"என் மனைவிக்கு உள்ள இண்டர்வியூ. ரொம்பப் பயமா இருக்கு, கண்ணையன்."

"அவங்களுக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"இருக்கட்டும் சார். காலு வந்துச்சி இல்ல" என்று சொல்லிவிட்டு டீ வாங்க இழுத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு மரகதம் வெளியே வந்தாள். நடையைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்ததும்தான் உதடு துடிப்பது தெரிந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மூணு பேரு இருந்தாங்க. நம்ம வாக்கியத்தச் சொன்னேன். நடுவுல இருந்தவரு வடக்கத்திக்காரரு. கழுக்குன்றம்னதும் நிமிந்து பாத்து, 'அங்க கழுகு வருமாமே, நெஜமாவே தினமும் வருதா?'ன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"'எவ்ரி டே கமிங் சார். ஒன் டே நாட் கமிங், ஹோல் டவுன் நோஸ்'னேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மூணு பேரும் சிரிச்சிட்டாங்க. அதோட பயம் போயிடிச்சிங்க. டைப்பிங்ல ஒரு தப்பு இல்ல." கண்ணையன் எதற்கு என்று தெரியாமலே கூடச் சிரித்தார். நான் டீ கிளாஸைப் பிடித்தபடி நின்றேன்.

திருத்தம்

ஆவணிக்குள் ஆர்டர் வந்துவிட்டது. காலையில் அவளை பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் கொண்டுபோய் விடுவது என் வேலையானது. கண்ணையனும் அந்த வருஷம் பாஸ் செய்தார், தமிழில் ஐம்பத்திரண்டு. அந்தப் பாட்டைப் பற்றிக் கேள்வி வந்ததாகவும், எனக்குப் பிடிக்காத பதிலை எழுதிவிட்டதாகவும் சொன்னார்.

தமிழை நான் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது சொல்வதில்லை. பயந்துபோய் ரோட்டைத் தாண்டினேன், தாண்டிய பக்கத்தில் தமிழ் இருந்தது. இருந்ததைப் பிறகு நேசித்தேன், இன்றுவரை நேசிக்கிறேன். அது குறைவாக எனக்குப் படவில்லை.

ஆனால் பழக்கம் லேசில் விடாது. மூன்று வாரத்துக்கு முன்பு இந்தத் தொடரில் இளமைக்கால வேலை தேடலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பேனா தானாகப் பழைய தடத்தில் ஓடிவிட்டது. பேனா என்று சொல்கிறேன் பாருங்கள். நான்தான் ஓட்டினேன். மேகத்தோடு, பரதேசியோடு அச்சாகி வந்தது.

மரகதம் இப்போது ரிடையராகி வீட்டில் இருக்கிறாள். பத்திரிகையைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, மடித்து என் பக்கம் வைத்தாள்.

"இன்னாங்க, கழுகு மறுபடியும் வரலியா?"

அதனால்தான் இந்த வாரம் இது. எழுதிய தாள்களை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துக்கொண்டே வந்தாள். படிக்காத கை நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தது. பரதேசி கட்டுக்கதை என்று நான் ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டும் ஒரு தடவை நின்றது. கடைசித் தாளை மற்றதோடு சேர்த்து அடுக்கினாள்.

"சரியா கீது" என்றாள். "போஸ்ட் பண்ணிட்டு வாங்க."